முதுகு ஊசியும் ஒப்புதல் கையெழுத்தும்

சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் இடுப்புவலி நிற்கும் என்ற அச்சம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அந்த ஊசி போட்டுக்கொள்ளாத தாய்மாருக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதுகுவலி வருவதுண்டு. கவனிக்க வேண்டியவை வேறு. மருந்து ஏறியதும் இரத்த அழுத்தம் சட்டெனக் குறையலாம். அரிதாக மருந்தின் வீச்சு மார்புவரை ஏறி மூச்சுத் தசைகளைத் தளர்த்தலாம். அடுத்த சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகி, படுத்தால் தணியும் தலைவலி வரலாம். மருந்தின் வேகம் தணிந்த பின்னும் கால் மரத்திருந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே சொல்லுங்கள்.

இத்தகைய சிக்கல் நேர்ந்தால் அது மருத்துவரின் தவறாகுமா? சிக்கல் நேர்ந்தது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இரத்த அழுத்தத்தை இடைவிடாது கண்காணித்தார்களா, மூச்சுத் தரும் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருந்ததா, சரிவு கண்டதும் என்ன செய்தார்கள் என்பவையே கேள்விகள். விடை பெரும்பாலும் மயக்க மருந்துப் பதிவேட்டில் இருக்கும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. மருத்துவமனையின் இதழே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒளிவின்றி எழுதப்பட்ட பதிவு இருதரப்பையும் காக்கும்.

கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் முடிவானது. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர் அறிய வேண்டியது: இ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அது பொருந்தும் என 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். வசிக்கும் மாவட்டத்திலேயே அளிக்கலாம்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையைத் தாயின் சம்மதம் பெற்று அகற்றிவிட்டனர். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், உணர்வு திரும்பியபின் அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரசவ அறை வாசலில் கணவரிடமோ மாமியாரிடமோ படிவத்தை நீட்டும் வழக்கத்துக்கு இது பொருந்தும். தாய் நினைவோடு இருந்தால் ஒப்புதல் அவருடையதே. ஆகவே வலி கூடும் முன்னரே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே மயக்க மருத்துவரைச் சந்தித்துப் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாததையும், இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகளையும் மறைக்காமல் கூறுங்கள்.