களமும் காலடியும் – 9: மூன்றாவது ரெய்டு

சென்ற வாரம் கோட்டுக்கு உள்ளே நின்று பிடிப்பவர்களைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பாடிச் செல்பவர்களிடம் வருகிறேன்.

கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் அத்திபெலேயில் குடியிருப்பவனுக்குக் கபடியில் ஒரே அணியின்மீது அபிமானம் வைப்பது எளிதான காரியமன்று. ஓசூர் சாலையோரத் தேநீர்க் கடையில், புரோ கபடி நடக்கும் இரவுகளில், ஒரே பெஞ்சில் பெங்களூரு புல்ஸுக்குக் கை தட்டுகிறவரும் தமிழ் தலைவாஸுக்குக் கை தட்டுகிறவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், 2022-ஆம் வருஷத்து ஏலத்தில் பெங்களூரு புல்ஸுக்காகப் பாடிவந்த பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு, அதுவரை எவருக்கும் கிடைத்திராத விலைக்கு வாங்கியது என்ற செய்தி வந்தபோது, ஒரு பாதி பெஞ்சின் சந்தோஷமும் மறு பாதி பெஞ்சின் துக்கமும் எப்படியிருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மனிதரைச் சுற்றியே, பாடும் பாரத்தை ஓர் அணி எவ்விதம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய கேள்வி சுழன்று வருகிறது.

எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று மீளும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. 40 நிமிஷ ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 40 ரெய்டுகள் கிடைக்கும். இவற்றில் பாதியை ஒருவரே பாடினால் என்ன குற்றம் என்று கேட்கலாம். ஏழு பேரில் ஒருவர் மின்னல் வேகத்தில் தொட்டுவிட்டு மீளக்கூடியவராக இருக்கும்போது, மற்றவரை அனுப்புவது வீண் என்று தோன்றுவதும் இயற்கையே. ஆனால் பிடிபட்டவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும், தம் அணி எதிராளி ஒருவரை வெளியேற்றி, வெளியே போன வரிசையில் தம் முறை வந்தால்தான் உள்ளே திரும்ப முடியும் என்பதும் கபடியின் விதிகள். எதிரணி இதை நன்கு அறியும். பிரதான வீரரை ஒருமுறை வீழ்த்திவிட்டால், பிறகு எவரையும் தொட முயலாமல் சும்மா பாடித் திரும்பி, அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிஷங்களை நீட்டிக்கொண்டே போகும். ஒரே தூணில் நிற்கும் பந்தலின் கதிதான் அது.

இருந்தும் ஒற்றைத் தூண் வைத்தே சில அணிகள் கோபுரம் எழுப்பின. 2017-இல் பாட்னாவுக்காகப் பர்தீப் நர்வால் 369 ரெய்டுப் புள்ளிகள் குவித்தார். சென்னையில் நடந்த இறுதியாட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்து, அந்த அணிக்குத் தொடர்ந்து மூன்றாவது பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 2019 ஜனவரியில் மும்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு புல்ஸ் 38–33 என்று குஜராத்தை வென்றபோது, அந்த 38-இல் 22 பவன் ஷெராவத்துடையவை. அதே ஆண்டு தொடங்கிய அடுத்த பருவத்தில், ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 புள்ளிகள், பருவம் முழுவதிலும் 346 என்று அவர் மேலும் உயர்ந்தார். ஆனால் புல்ஸ் அரையிறுதியில் டெல்லியிடம் தோற்றது.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டமே என் அபிப்பிராயத்தைத் திருப்பியது. பெங்கால் வாரியர்ஸின் பிரதான வீரர் மணிந்தர் சிங் காயத்தால் களமிறங்க இயலவில்லை. ஈரானியர் நபிபக்‌ஷும் நம் கர்நாடகத்துச் சுகேஷ் ஹெக்டேயும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். எதிரே டெல்லியின் இளைஞர் நவீன் குமார் தனியாளாக 18 புள்ளிகள் எடுத்தார். எடுத்தும், 39–34 என்று வென்றது பெங்கால். அந்த அணியின் பயிற்சியாளர் பி.சி.ரமேஷ், கர்நாடகத்துக்காரர். அவரே 2024-இல் பூனே அணியை, அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹித்தே என்று எவரையும் ஒற்றைத் தூணாக்காமல் பாடவைத்து, ஹரியானாவை 28–25 என்று வீழ்த்திப் பட்டம் கொண்டுபோனார்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்திலும் இதே ஊசலாட்டம் நடந்திருக்கிறது. 1972-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத மயாமி அணியில் சோங்காவும் மோரிஸும் ஆளுக்கு 1,000 கெஜத்துக்குக் குறையாமல் ஓடினார்கள். 2006-இல் கான்சஸ் சிட்டியின் லாரி ஜான்சனிடம் ஒரே பருவத்தில் 416 முறை பந்து கொடுக்கப்பட்டது. மறு பருவத்தின் பாதியில் காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். ஓட்டத்தை இரண்டு மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதே இன்று அங்கே பெருவழக்கு. மனித உடலுக்கு ஓர் அளவு உண்டென்பதை அந்த நாட்டாரும் சிரமப்பட்டே கற்றார்கள்.

நம் பக்கத்துக் கதை அதைவிடக் கொடியது. 2022 அக்டோபரில், தலைவாஸுக்காகத் தாம் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, அதுவும் தம்மைத் தலைமேல் தூக்கிக் கொண்டாடிய பெங்களூரின் கண்டீரவா உள்ளரங்கிலேயே, பவன் முழங்கால் அடிபட்டு விழுந்தார். பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. தேநீர்க் கடையில் அன்றிரவு இரண்டு பாதி பெஞ்சும் மௌனமாயிருந்தன. அதன்பின் நடந்ததோ எவரும் எதிர்பாராதது: நரேந்தர் என்ற புதுமுகம் பிரதான பாரத்தைத் தோளேற்க, அஜிங்க்யா பவாரும் மற்றவர்களும் பங்கேற்க, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிவரை சென்று, பூனேயிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

ஆயினும் பங்கீடு என்பதை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகத் திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும்; இல்லாவிடில் பாடியவர் வெளியே. இந்த ‘டூ ஆர் டை’ ரெய்டுக்குப் பிரதான வீரரைப் பணயம் வைக்க மனமின்றிப் பல அணிகள் மூன்றாம் ஆளை அனுப்புகின்றன. எதிரே இருப்பவர் அனைவரும் காத்து நிற்பார்கள். அவன் வந்தே ஆகவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பத்து ரெய்டு பாடி மூன்று புள்ளி என்று அவன் கணக்கு அற்பமாகத் தெரியும். அந்தப் பத்தும் எத்தகையவை என்று எவர் பார்க்கிறார்கள்?

ஆனேக்கல் சாலையோரத் திடலில், குழல்விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஓர் உள்ளூர்ப் போட்டியில் அப்படியொரு மூன்றாம் ஆளைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தலைவன் வெளியே குத்துக்காலிட்டிருந்தான். இரண்டு ரெய்டுகள் வெறுமையாகிவிட்டன. கோட்டுக்கு அப்பால் நின்ற முதியவர், “நீனே ஹோகு தம்மா” என்று கன்னடத்தில் சொல்லி, உடனே “பாத்துப் போடா தம்பி” என்று தமிழிலும் சொன்னார். மெலிந்த அந்தப் பையன் செம்மண்ணை அள்ளி இரு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு போனான். இடது மூலைக்காரன் கணுக்காலைப் பற்றப் பாய்ந்த கணத்தில் காலை இழுத்து, அவன் முதுகைத் தொட்டு, முழங்கால் தரையில் தேய உருண்டு, நடுக்கோட்டை விரல் நுனியால் தீண்டினான். ஒரு புள்ளி. தலைவன் எழுந்து உள்ளே வந்தான்; கூட்டம் தலைவன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. பையன் முழங்காலில் ரத்தத்தோடு ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்து வருபவனைப் பிடிக்கத் தன் மூலையில் போய் நின்றுகொண்டான்.