புத்தகம் போட ஊரார் பணம்

கதை எழுதும் சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். பாட்டியின் கைப்பக்குவத்தை நோட்டில் குறித்து வைத்திருப்பவர்களும் உண்டு. புத்தகமாகப் போடலாமென்று அச்சுக்கூலியை விசாரித்தால் ஆசை அப்படியே அடங்கிவிடுகிறது. எங்கள் குன்னூரில் ஒரு தோழி, "வளையலை அடகு வைக்கட்டுமா?" என்றுகூடக் கேட்டாள். வேண்டாமே! பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்பணம் வாங்கும் வழி இருக்கிறது. இப்போது இதற்குக் 'கிரவுட் ஃபண்டிங்' என்று பெயர். கைபேசியிலேயே நடக்கிறது.

பெயர்தான் புதுசு. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தானே துணிந்தார்? 1976-ல் வந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தில் பால் ஊற்றும் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பத்து லட்சம் சேர்ந்துவிட்டது! இளையராஜா இசையமைத்த 'புண்யகோடி' என்ற சம்ஸ்கிருதக் கார்ட்டூன் படத்துக்கும் விஷ்பெர்ரி என்ற இந்தியத் தளம் மூலம் பொதுமக்கள்தாம் பணம் கொடுத்தார்கள். 2020-ல் படம் வெளிவந்தது.

சரி, எந்தத் தளத்தில் சேருவது? சீட்டுப் போடுமுன் சீட்டுக்காரரை விசாரிப்போமல்லவா, அதே போலத்தான். கேட்ட தொகை சேராவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். 2009-ல் தொடங்கிய அமெரிக்க கிக்ஸ்டார்ட்டரில், குறித்த தொகை முழுவதும் சேர்ந்தால்தான் பணத்தைப் பிடிப்பார்கள்; குறைந்தால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. எனக்குப் பிடித்த முறை இது. பாதிப் பணத்தில் பாதிப் புத்தகமா போட முடியும்? ஆனால் இந்தியாவில் இருப்பவர்கள் அங்கே பணம் கொடுக்கலாமே தவிர, திரட்ட முடியாது. வேறு சில தளங்களில் சேர்ந்தது எவ்வளவானாலும் கைக்கு வந்துவிடும். கேட்க இனிப்பாக இருக்கும். குறைகிற தொகைக்கு மறுபடி வளையல்தான்!

நம் நாட்டில் கெட்டோ, மிலாப் இரண்டும் பிரபலம். அங்கே வருகிறவர்களோ பெரும்பாலும் வைத்தியச் செலவுக்கு உதவ நினைப்பவர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நம் சமையல் புத்தகத்தை வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சேருகிற பணம் யார் கையில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். புத்தகங்களுக்கென்றே 2011-ல் இங்கிலாந்தில் தொடங்கிய அன்பவுண்ட் நிறுவனம் 2025-ல் நொடித்துப்போனது. எழுத்தாளர்கள் பலருக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனது. வாசகர்கள் முன்பணம் கட்டியதோ எழுத்தாளரின் பெயரை நம்பித்தானே?

கழிவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 150 பேர் என்றால் 30,000 ரூபாய். தளத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் 3,000 போச்சு. பிரதிக்கு 40 ரூபாய் தபால் செலவென்றால் இன்னொரு 6,000. மிச்சம் 21,000-ல் அச்சுக்கூலி கட்டுமா? 150 பேரும் உறவு, சிநேகிதம், பள்ளிக்கூடத்து அம்மாக்கள்தாம் என்றால் தளமே எதற்கு? ஒரு நோட்டில் பெயரெழுதி, ரசீது கொடுத்தாலே போதும்.

தேதி சொல்லும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். எங்கள் மலையில் ஐப்பசி மழையில் மண் சரிந்தால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும். அச்சகத்தார் சொல்லும் நாளோடு இரண்டு மாதம் கூட்டியே சொல்லுங்கள்.