துடுப்பைச் சற்றே நிறுத்துவோம்

மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேனாடு’ என்று போற்றுகிறோம். பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியில் அமிழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்துக் கேட்பது இங்குள்ளோரின் நெடுநாள் வழக்கம். 1848-ஆம் ஆண்டு இங்கு வந்த சேர் எமர்சன் ரெனன்ற் அவ்வொலியைத் தாமே கேட்டு, 1859-இல் வெளிவந்த தம் நூலில் எழுதிவைத்தார். பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்று உறுதி: சுற்றிலும் அமைதி இருந்தாலன்றி அப்பாட்டு எவர் காதிலும் விழாது.

வாவியில் அறிந்த இவ்வுண்மையை நாம் வீட்டில் மறந்துவிடுகிறோம்.

பாட்டனாருக்குக் காது மந்தமாகிறது. பிள்ளைகள் பணம் சேர்த்துக் காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுக்கிறார்கள். சில நாளில் அது அலுமாரிக்குள் போய்விடுகிறது. “ஏன் அப்பப்பா, போடவில்லையா?” என்று பேரன் கேட்டால், “ஒரே இரைச்சல், மகனே!” என்கிறார். பிடிவாதம் என்று வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். அது பிடிவாதமன்று.

உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் நலியும்போது மெல்லொலி மறைகிறது. பேரொலியோ முன்போலவே வந்து தாக்குகிறது. கேட்கும் அளவுக்கும் பொறுக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. கருவி பேச்சை மட்டுமா பெரிதாக்குகிறது? மின்விசிறியின் சுழற்சியும், பாத்திரத்தின் ஓசையும், பத்திரிகைத் தாளின் சரசரப்பும் கூடவே பெருகுகின்றன. வேண்டாத ஒலியை ஒதுக்கித்தள்ளும் பழக்கத்தை மூளை மீண்டும் கற்பதற்கு வாரங்கள் செல்லும், மாதங்களும் ஆகலாம். இக்காலத்துக் கருவிகள் இரைச்சலை ஓரளவு அடக்குகின்றன. ஆனால், பலர் ஒருங்கே பேசினால் எவர் பேச்சு வேண்டியது என்று கருவி எங்ஙனம் அறியும்?

நம் தெருக்களில் பாண் விற்கும் முச்சக்கர வண்டிகள் பல இசைக்கும் மெட்டு, ஜேர்மனிய இசைமேதை பீத்தோவன் 1810-இல் அமைத்தது. அவரும் செவி மங்கியவரே. மெல்லப் பேசினால் கேட்பதில்லை, எவரேனும் கத்தினாலோ தாங்கமுடிவதில்லை என்று 1801-இலேயே நண்பருக்கு எழுதினார். அவருடைய மெட்டே இன்று கருவி அணிந்த முதியோரைத் திடுக்கிடச் செய்வது விந்தையன்றோ!

கருவியை முதலில் அமைதியான அறையில் சிறிது நேரம் அணிந்து, நாளடைவில் நேரத்தைக் கூட்டுதல் நன்று. ஒலி குத்தினால், பொருத்தியவரிடமே சென்று அளவைத் திருத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் செய்யவேண்டியதும் உண்டு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் நோக்கி, ஒருவர்பின் ஒருவராகப் பேசுக, கத்த வேண்டாம். விருந்து வீட்டில், ஒலிபெருக்கி முதுகுப்புறம் இருக்குமாறு அவரை அமர்த்துக.

மீனின் பாட்டுக்காகத் தோணியையே நிறுத்துகிறோம். பாட்டனார் நம் பேச்சைக் கேட்பதற்காக வீட்டு இரைச்சலைச் சற்று நிறுத்தக்கூடாதா?