பேய் பிடித்த நாளும் எம்.சி. எடுத்த நாளும்

1978இல் பினாங்கில் ஓர் அமெரிக்க மின்னணு ஆலையில் தொடர்ந்து மூன்று நாள் வேலை தடைப்பட்டது. வேலைநிறுத்தம் இல்லை, மின்சாரமும் போகவில்லை. உள்ளே வேலை பார்த்த 15 பெண்களுக்குப் பேய் பிடித்திருந்தது. பினாங்கிலேயே பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்து மலேசிய ஆலைகளில் இது புதிதல்ல. நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் பெண் திடீரென்று அலறுவாள். கண்ணாடிக்குள் யாரோ தெரிவதாகச் சொல்வாள். பக்கத்து மேசைக்காரிக்கும் தொற்றும். அடக்க வரும் சூப்பர்வைசரைத் தள்ளிவிடும் பலம் அவளுக்கு எங்கிருந்தோ வந்துவிடும். நிர்வாகம் போமோ எனும் மலாய் மந்திரவாதியைக் கூட்டிவந்து சடங்கு செய்யும்.

அலறியவர்களில் பெரும்பாலோர் மலாய்ப் பெண்கள். ஆனால் தமிழ் வீடுகளுக்கு இது விளங்காத சங்கதியில்லை. சாமி வந்து இறங்கியவளை அன்றைக்கு யாரும் அடுப்படிக்கு அனுப்புவதில்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 1969இல் தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் கிடந்த ஊர். 1972இல் பயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது. அதே ஆண்டு இன்டெல்லும் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாய்மார்களின் மகள்கள் பாக்டரி பஸ் ஏறினார்கள். அந்தத் தாய்மார்களுக்கு விடுப்பு என்ற பேச்சே கிடையாது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும், பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும், வராத நாளுக்குக் கூலியில்லை. மகள்களுக்கு மாதச் சம்பளம் வந்தது, கூடவே ஷிப்டும் வந்தது. கழிப்பறைக்குப் போகவும் கேட்டுத்தான் போக வேண்டும். இதில் ஒருத்தி அலறினால் மொத்த லைனும் நின்றது. என்னைக் கேட்டால், இந்தத் தீவின் ஆலைகள் பார்த்த முதல் மனநல விடுப்பு அந்த மூன்று நாள்தான். யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கையெழுத்திடவில்லை, எல்லோருக்கும் கிடைத்தது. அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாட வேண்டியதில்லை. மறுபடி மறுபடி பேய் பிடித்த பெண்ணை வேலையை விட்டு நிறுத்திய நிர்வாகங்களும் இருந்தன.

இன்றைக்குப் பேய் வருவதில்லை, எம்.சி. என்ற மருத்துவச் சான்று வருகிறது. வேலைவாய்ப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைவான சர்வீசுக்கு 14 நாள், 5 ஆண்டு வரை 18, அதற்கு மேல் 22 நாள் நோய் விடுப்பு. சட்டம் மனநோயை விலக்கி வைக்கவில்லை; பதிவுபெற்ற மருத்துவரின் சான்று போதும். சிக்கல் என்னவென்றால், களைத்துப்போன தாய்க்கு நோய் எதுவும் இல்லை. அவளுக்கு வேண்டியது யாரும் "அம்மா" என்று கூப்பிடாத ஒரு பகல். அதை நிறுவனம் குறித்துவைத்த பேனல் கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

"என்னம்மா செய்யுது?"

"வயிறு சரியில்ல டாக்டர்."

பல ஆலைகளில் எம்.சி. எடுத்தாலே அந்த மாத அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போய்விடும் என்பது வேறு. அன்று ஒருத்தியின் அலறல் லைனை நிறுத்தியது. இன்று ஒருத்தி வராவிட்டால் லைன் ஓடிக்கொண்டேதான் இருக்கும், இவளுடைய வேலையைப் பக்கத்தில் நிற்பவள் பார்ப்பாள். ஆகவே ஓய்வு எடுத்தவளுக்கு, கூட வேலை செய்கிறவளிடம் கடன்பட்ட குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

பிள்ளை இருந்தால் கணக்கே வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பார்த்துக்கொள்வதற்கென்று தனியார் துறையில் சட்டப்படி தனி விடுப்பு கிடையாது. சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டு விடுப்பே குறைந்தது 8 நாள் என்றுதான் சட்டம் சொல்கிறது. கைகால் வாய்ப்புண் நோய் ஒருமுறை வந்தால் போதும், தாஸ்கா என்ற குழந்தைக் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள், பாதி விடுப்பு அங்கேயே கரைந்துவிடும். அம்மாவுக்கென்று மிச்சம் வைத்த நாளும் முழு நாளல்ல. காலையில் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு வந்தால், மதியம் ஒரு மணிவாக்கில் பள்ளி விட்டுவிடும். நடுவில் சில மணி நேரம் தாவரத் தோட்டத்தில் நடக்கலாம், அல்லது தூங்கலாம். பெரும்பாலானவர்கள் துணி துவைக்கிறார்கள். பாட்டி பக்கத்தில் இருப்பவள் கொடுத்து வைத்தவள். அந்தப் பாட்டிகளில் பலர் எழுபதுகளில் பாக்டரி பஸ் ஏறியவர்கள்.

2023 ஜனவரியில் சட்டம் கொஞ்சம் இறங்கி வந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது, அப்பாவுக்கு 7 நாள் கிடைத்தது, வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரும்படி எழுதிக் கேட்கவும் வழி வந்தது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மூச்சு முட்டுகிறவளுக்கு 60 நாள்!

அதே 2023இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டது. அந்த ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 4.6 விழுக்காடு பேருக்கு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு நோய் இருப்பது தெரிந்தது. 2019இல் இது 2.3 விழுக்காடு. நோய் இரட்டித்ததா, சொல்லும் துணிவு வந்ததா என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். சொல்லத் தயங்கவும் காரணம் உண்டு: ஈப்போவுக்கு அருகே 1911இல் மனநல மருத்துவமனை வந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயரைச் சொல்லித் திட்டுவது நம் வீடுகளில் அவ்வளவு சாதாரணம். 15555 என்ற எண்ணை அழைத்தால் பேச ஆள் இருக்கிறது என்பது 2022 அக்டோபரிலிருந்து நடப்பில் இருந்தும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடுகள் குறைவு.

சில நிறுவனங்களில் இப்போது ஆலோசகர் இருக்கிறார், மனநல வாரம் நடக்கிறது, ஆரஞ்சு வண்ணத்தில் போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஆனாலும் விடுப்புப் படிவத்தின் காரணக் கட்டத்தில் வயிற்றுவலிதான் எழுதப்படுகிறது. ஆண்டு இறுதியில் அப்ரைசலுக்கு உட்காரும் மேனேஜரின் கையில் அந்தப் படிவமும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தைப் போக்கப் போஸ்டரால் ஆகாது. காரணம் கேட்காமல் ஆண்டுக்கு இரண்டு நாள் கொடுத்துப் பார்க்கலாம். உற்பத்தி எவ்வளவு குறைகிறது என்று ஆலைக்காரர்களே அளந்து சொல்லட்டும், அளப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.