மலையிறக்கமும் பிரேக்கின் உஷ்ணமும்

பேரகலையிலிருந்து புறப்பட்டு, அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை முதலிய ஊர்களைக் கடந்து ஹாலிஎலயில் பதுளைப் பெருவீதியோடு கலக்கும் பாதையில், 1,400 மீற்றருக்கு மேல் உயர்ந்த அப்புத்தளையிலிருந்து 700 மீற்றருக்கும் தாழ்ந்த பதுளை வரை இறங்கும் 1,500 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்றின் வேகம் முழுவதையும் பிரேக்கே அடக்குமாயின், அங்கே பிறக்கும் உஷ்ணம் 30 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட பின்னர், மீதி முழுவதும் நான்கு சக்கரங்களிலுள்ள சில கிலோகிராம் இரும்பின் மீது விழுகின்றது.

அந்த இரும்பு அளவு கடந்து காயும்போது விளையும் அபாயம் இருவகைப்படும். பிரேக் பேட்டைப் பிணைத்திருக்கும் பிசின் வெந்து வாயுவை வெளியிட, மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுப்பது ஒன்று. பிரேக் ஒயில் கொதித்து ஆவியாக, மிதி தரைவரை அமிழ்ந்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதே கொடியது, ஏனெனில் அது முன்னறிவிப்பின்றி வருவது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இவ்வொயிலின் சுபாவமாதலால், புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை தாங்கும் டொட் 4 வகை ஒயில், ஈரமேறிய பின்னர் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும்; டொட் 3 வகைக்கோ அவ்வெல்லைகள் 205, 140 என்று இன்னும் தாழ்ந்தவை.

பிரேக்கை மேம்படுத்த விரும்பும் வாலிபர்கள் முதலில் கேட்பது பெரிய டிஸ்க். நடுவே காற்றோட்டமுள்ள பெரிய டிஸ்க் அதிக உஷ்ணத்தை ஏற்று விரைவில் ஆறும் என்பது உண்மையே. ஆயினும் அதற்கேற்ற பெரிய ரிம் வேண்டும், முன் பின் சக்கரங்களின் பிரேக் பலமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பந்தயக் கார்களுக்குரிய பேட்டுகளோ குளிர்ந்த நிலையில் சரிவரப் பற்றமாட்டா. ஆகையால் பனிமூட்டமுள்ள ஊவாக் காலைகளுக்கு அவை சற்றும் ஏற்றவையல்ல. புதிய ஒயில், தரமான பேட், வெடிப்பில்லாத ரப்பர்க் குழாய் ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே டிஸ்க்கைப் பற்றிச் சிந்திப்பது முறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவை அனைத்திலும் மேலான சாதனம், செலவேதுமின்றி, வண்டியிலேயே இருக்கின்றது: அது கியர். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. ஒட்டோ கியர் வண்டியில் ‘எல்’ (L), ஹைபிரிட் வண்டியில் ‘பி’ (B) என்ற நிலைகள் இதற்காகவே அமைந்தவை. பிரேக்கை இடைவிடாது உரசிக்கொண்டிராமல், உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிடுவதே அது ஆற இடமளிக்கும். கருகல் நாற்றம் எழுந்தால் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துவிடக்கூடும்.

2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்த பின்னர், இவ்விறக்கங்களில் வண்டி கட்டுமீறுவதன் விலை என்னவென்று எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியின் பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருஷங்கள் கடந்திருக்குமாயின், அடுத்த மலைப்பிரயாணத்துக்கு முன்னரே கராஜுக்குச் சென்று அதை மாற்றிவிடுங்கள்.