'தெரியாது' என்றால் ஒன்றும் தெரியாதா?

"பெண்களுக்கு அரசியல் எங்கே தெரியப் போகிறது? வீட்டுக்காரர் சொன்ன சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள்!" - சகோதரிகளே, இந்தப் பேச்சைக் கேட்காத காது உங்களில் யாருக்காவது உண்டா?

இதற்கு அத்தாட்சியும் காட்டுவார்கள். அமெரிக்காவில் எந்தக் கட்சிக்குச் சபையில் மெஜாரிட்டி, இன்ன பதவியில் இருப்பவர் யார் என்றெல்லாம் ஜனங்களிடம் கேட்டுப் பல வருஷங்களாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஆண்கள்தான் அதிக மார்க் வாங்கி வந்தார்கள்.

ஜெஃப்ரி மாண்டாக், மேரி ஆண்டர்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்த விடைத்தாள்களைத் துருவிப் பார்த்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிச்சயமாகத் தெரியாத கேள்விக்குப் பெண்கள் "தெரியாது" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆண்களோ ஏதாவது ஒன்றைத் துணிந்து அடித்துவிடுகிறார்கள்! அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், ஆண்கள் பெற்ற 'கூடுதல் ஞானத்தில்' ஏறக்குறையப் பாதி மறைந்து போயிற்று.

அது எப்படி என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி இருவருக்கும் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், அதில் ஒன்றுதான் சரி. இருவருக்கும் 12 விடைகள் நன்றாகத் தெரியும். மீதி எட்டுக்கும் மனைவி "தெரியாது" என்கிறாள். கணவரோ எட்டையும் குருட்டாம்போக்கில் சொல்கிறார். நாலுக்கு ஒன்று வீதம் இரண்டு பலித்துவிடும். அவருக்கு 14 மார்க், அவளுக்கு 12! அறிவில் இருவரும் சமம். கூடுதலாக இருந்தது தைரியம் மட்டுமே.

மீதிப் பாதி? அது நிஜமான வித்தியாசந்தான். பத்திரிகை யார் கைக்கு முதலில் போகிறது, நாலு பேருடன் பேச யாருக்குப் பொழுது கிடைக்கிறது என்பதை யோசித்தால் காரணம் ஓரளவு புரியும்.

சரி, ஓட்டு விஷயம்? 1980-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ரீகனுக்கு ஆண்கள் அளித்த ஆதரவு, பெண்கள் அளித்ததைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகம். "பெண்களுக்கு என்ன ஆயிற்று?" என்று பலர் வியந்தார்கள். ஆராய்ந்தவர்கள் கண்டதோ வேறு: பழைய கட்சியை விட்டு அதிகமாக நகர்ந்தவர்கள் ஆண்களே!

வாய் திறந்து சொல்லாததால் கணக்கில் விழாமல் போவது நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிவு செய்துகொண்டார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் ஒப்பவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் ஓட்டுரிமை அந்தத் தடவை போயிற்று. 1962-ல்கூட நூற்றுக்கு 63 ஆண்கள் ஓட்டளித்தபோது, பெண்களில் 47 பேர்தான் வந்தார்கள். ஆனால் 2019 பாராளுமன்றத் தேர்தலில் பெண்கள் ஆண்களை ஒரு மயிரிழை முந்தியே விட்டார்கள்!

ஆகவே சகோதரிகளே, தெரியாததைத் தெரியாது என்பது நேர்மை. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் தெரிந்ததையும் முழுங்கிவிடாதீர்கள். வீட்டில் யாராவது அடித்துப் பேசினால், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சாந்தமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் உங்களுக்கு லாபம். வராவிட்டால், அவருக்கு லாபம்!