வராத அரசருக்கு வெள்ளிப் பதக்கம்

ஸ்பெயின் முந்நூறு ஆண்டுகள் அமெரிக்கக் கண்டத்தில் குடியேற்ற நாடுகளை ஆண்டது. ஆனால் அதன் அரசர்களில் ஒருவர்கூட அங்கு போனதில்லை. அங்குள்ள பெரும்பாலான மக்கள் அரசரின் முகத்தைக் கண்டது வெள்ளியில்தான்.

புதிய அரசர் பதவியேற்ற செய்தி கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். வந்ததும் நகரங்கள் விசுவாசப் பிரமாண விழா எடுக்கும். சதுக்கத்தில் மேடை போட்டு, அரச கொடியை உயர்த்தி, கூடியிருந்தவர்கள் மீது வெள்ளிப் பதக்கங்களை வீசுவார்கள். ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் பெரும்பாலும் நகரத்தின் சின்னம். பல பதக்கங்கள் புழக்கத்திலிருந்த நாணயங்களின் அளவிலேயே செய்யப்பட்டன.

நல்ல வேலைப்பாடு மெக்சிக்கோ நகர நாணயச்சாலையுடையது. 1778இல் ஸ்பெயினிலிருந்து தலைமைச் செதுக்குநராக வந்த ஹெரோனிமோ அந்தோனியோ ஹில் அங்கு ஒரு செதுக்குக் கலைப் பள்ளியையும் நிறுவினார். சான் கார்லோஸ் கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இளக்கிய எஃகுக் கட்டையில் உருவத்தை இடவலம் மாற்றி, குழிவாகச் செதுக்குவார்கள். கட்டையைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிரவைத்தால் இறுகிவிடும், அதுதான் அச்சு. வெள்ளியை உருக்கித் தகடாக்கி, வில்லைகளாக வெட்டி, இரு அச்சுகளுக்கு நடுவே வைத்துத் திருகு இயந்திரத்தால் அழுத்துவார்கள். நுனிகளில் பாரம் கட்டிய நீண்ட கம்பியை ஆட்கள் இழுத்துச் சுற்ற வேண்டும். உருவம் ஆழமானதென்றால் ஒரே அடி போதாது. வில்லையை மீண்டும் காய்ச்சி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும்.

நாணயச்சாலை இல்லாத ஊர்களில் உள்ளூர்க் கொல்லர்கள் மணல் அச்சில் வார்த்தார்கள். எங்கள் ஊர்த் தட்டார்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வார்த்த பதக்கத்தில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், நுண்ணிய குழிகள் தெரியும், ஓரத்தில் அரத்தின் கீறல் இருக்கும். தொங்கவிட்டு அணியத் துளையிட்டவையும் உண்டு. சேகரிப்போர் துளைக்காக விலையைக் குறைப்பார்கள். எனக்கென்றால் துளையுள்ளதே மேல். யாரோ ஒருவர் அதை அணிந்திருக்கிறார்.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1545இல் கண்டறியப்பட்ட பொத்தோசி மலையில், பூர்வகுடி ஊர்களிலிருந்து முறைவைத்துக் கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட ஆண்கள் சுரங்கங்களில் உழைத்தார்கள்.

1808ஆம் ஆண்டுப் பதக்கங்கள்தான் எல்லாவற்றிலும் விசித்திரமானவை. அந்த மே மாதத்தில் ஏழாம் பெர்னாண்டோவை நெப்போலியன் முடிதுறக்க வைத்துப் பிரான்சில் தடுத்து வைத்தான். ஓகஸ்டில் மெக்சிக்கோ நகரம் அந்தக் கைதியின் பெயரில் பிரமாணம் எடுத்தது. மற்ற நகரங்களும் தொடர்ந்தன. புதிய அரசரின் உருவப்படம்கூடப் பல இடங்களுக்கு வந்துசேரவில்லை. சிலியின் சாந்தியாகோ நாணயச்சாலை கற்பனையில் ஒரு படைவீரர் முகத்தைச் செதுக்கி, பெர்னாண்டோவின் பெயரில் காசு அடித்தது.

1814இல் அவர் அரியணைக்குத் திரும்பினார். 1821இல் மெக்சிக்கோ பிரிந்தது, 1825இல் பொலிவியா. 1827இல் அதே பொத்தோசி நாணயச்சாலை சிமோன் பொலிவாரின் முகத்தை வெள்ளியில் பதித்தது.